பெரிய வீட்டார் தேர்ந்தெடுத்த ஞானோபதேசம்

சவேரியார்பாளையத்துப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க எந்தப் புத்தகம் நல்லது என்று முடிவுசெய்ய மூன்று பெரிய மனிதர்கள் கூடினார்கள். மூவரில் ஒருவருக்குப் படிக்கத் தெரியாது. இன்னொருவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மூன்றாமவருக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பதை மட்டும்தான் படிக்கத் தெரியும். நான்காவதாக அங்கே ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் படிக்கவும் தெரியும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும். அதனால் அவளைக் கதவோரம் நிற்க வைத்திருந்தார்கள்.

அவள் பெயர் ரோசி. கீழண்டைத் தெருவில் பிறந்தவள். சின்ன வயதில் தாய் தகப்பன் இறந்துபோய், புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகளிடம் வளர்ந்து, எழுத்தும் தையலும் கற்றுக்கொண்டு, கலியாணமாகி ஊருக்கே திரும்பி வந்தவள். ஆறு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்குச் செபமும் ஞானோபதேசமும் அவள்தான் சொல்லித்தருகிறாள். அதற்காக யாரும் அவளுக்கு நாற்காலி போட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம், ஆடி மாதம். வெள்ளைக்கார சுவாமியார் குளிர்காய்ச்சலில் விழுந்து புதுச்சேரிக்குப் போய்விட்டார். போவதற்கு முன் இரண்டு காரியம் சொல்லிவிட்டுப் போனார். ஒன்று, பழைய புத்தகங்கள் கிழிந்துபோனதால் புதியது ஒன்று பார்த்து வாங்குங்கள். இரண்டாவதுதான் ஊரைக் கலக்கியது. டிசம்பரில் சவேரியார் திருநாளன்று முதன்முதலாகச் சற்பிரசாதம் என்கிற நற்கருணை அப்பம் வாங்கும் பிள்ளைகள் எல்லோரும், பூசை முடிந்ததும் தம்முடைய பங்களாத் தாழ்வாரத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து பசியாற வேண்டும். இதுவரை மேலண்டைத் தெருப் பிள்ளைகளுக்குத் தாழ்வாரத்தில் இலை, கீழண்டைத் தெருப் பிள்ளைகளுக்குப் புளியமரத்தடியில் கையில் பொட்டலம். கோயிலுக்குள்ளேயே நடுவில் மரக்கிராதி போட்டு இரண்டு தெருவையும் பிரித்து வைத்திருக்கும் ஊர் அது. ஒரே சேசுநாதரைக் கிராதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் புதுநன்மைக்கு, அதாவது அந்த முதல் சற்பிரசாதத்துக்கு, மேலண்டைத் தெருவில் நாலு பிள்ளைகள். அதில் ஒருவன் பெரிய வீட்டு மரியதாசின் பேரன் பவுல்ராஜ். கீழண்டைத் தெருவில் பதினொன்று. தம் பேரன் அந்தப் பதினோரு பேரோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து இட்லி தின்பதை நினைத்ததிலிருந்து மரியதாசுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஊரில் பாதி நஞ்சை அவருடையது. சுவாமியாரை எதிர்த்துப் பேசினால் பாவம். ஆனால் திருநாளுக்கு முன் வைக்கும் ஞானோபதேசப் பரீட்சையில் தேறினால்தான் சற்பிரசாதம்; பதினோரு பிள்ளைகளும் அதில் தேறாமல் போனால் அது யார் பாவம்?

மேசைமேல் புதுச்சேரியிலிருந்து வரவழைத்த நாலு புத்தகங்கள் இருந்தன. மரியதாஸ் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவரும் அப்படித்தான் பார்ப்பார்.

"இது இன்னா, அப்பளமாட்டம் கீது?" என்று மெல்லிய புத்தகம் ஒன்றைத் தள்ளினார்.

ரோசிக்குப் பிடித்திருந்தது அதுதான். பக்கத்துக்கு ஒரு படம், படத்தின் கீழே பெரிய எழுத்தில் நாலு வரி. நல்ல மேய்ப்பர் தோளில் ஆட்டுக்குட்டியைச் சுமந்து வருகிற படத்தை, பெரிய மனிதர்கள் வருவதற்கு முன்பே, அவள் மாடத்து விளக்கு வெளிச்சத்தில் வைத்து இரண்டு முறை பார்த்திருந்தாள்.

"ஐயா, சின்னப் புள்ளைங்களுக்கு அதான் மனசுல நிக்கும்," என்றாள்.

"பிரான்சுல பசங்க இத்தக் கையாலகூடத் தொடமாட்டாங்க," என்றார் முசே பிலவேந்திரன். பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் கச்சேரியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து, பென்ஷனோடு முசே என்ற மரியாதையும் வாங்குகிறவர். பிரான்சைப் பற்றிப் பேசாமல் அவரால் மூக்குச் சிந்தவும் முடியாது. அவர் போனதிலேயே அதிக தூரம் புதுச்சேரிக் கடல்பாலம்.

மரியதாசின் கை நாலாவது புத்தகத்தில் நின்றது. சிவப்புத் துணி அட்டை, பொன் எழுத்து, முந்நூற்றுச் சொச்சம் பக்கம். எழுத்து கம்பு விதை அளவு. தூக்கியபோது மணிக்கட்டு கொஞ்சம் இறங்கியது. அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"முசே, இத்தப் படிச்சிச் சொல்லுங்க."

பிலவேந்திரன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளைப் புரட்டினார். மேற்றிராணியாராகிய பிஷப் அச்சிட அனுமதி கொடுத்ததாகப் பிரெஞ்சில் ஒரு பக்கம் இருந்தது. அதை ஊர் கேட்கும்படி, தேதி முதல் கையெழுத்து வரை வாசித்தார். முந்நூறு பக்கத்தில் அவருக்குப் படிக்க வந்தது அந்த ஒன்றுதான். புத்தகத்தை மூடி, "த்ரே பியேன்! ரொம்ப ஒசந்த பொஸ்தகம்," என்று தீர்ப்புச் சொன்னார்.

உபதேசியார் சூசைநாதன் பெயருக்கு ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தார். அவருக்குப் பழக்கமான செபம் எதுவும் அதில் கண்ணில் படவில்லை. பழக்கமில்லாததைப் படிப்பது அவர் வழக்கமில்லை. பெரியவர் கையில் எடுத்துவிட்ட புத்தகத்தைக் கீழே வைக்கச் சொல்வதும் வழக்கமில்லை. "நல்லாத்தான் கீது," என்றார்.

"ஐயா, எழுத்தப் பாருங்க, எறும்பாட்டம் கீது. எட்டு வயசு, ஒம்போது வயசுப் புள்ளைங்க. எங்க தெருவுல ஒண்ணுக்கும் எழுத்துத் தெரியாது," என்றாள் ரோசி.

"தெரியாதவங்களுக்கு இந்த வருசம் வாணாம். அடுத்த வருசம் ஆவட்டும். அதுவும் இல்லாட்டி அதுக்கடுத்த வருசம். அவசரம் இன்னா? சேசு எங்கியும் பூடமாட்டாரு," என்றார் மரியதாஸ். மற்ற இருவரும் சிரித்தார்கள். "மொதப் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு எழுத்து வுடாம மனப்பாடம். சும்மா மொணமொணக்கக் கூடாது. வாய்வுட்டுச் சொல்லணும். தெருவுல, வயல்ல, களத்துல, எங்க போனாலும் என் காதுல வுழணும். எவன் படிக்கிறான், எவன் படிக்கலன்னு எனக்குத் தெரியணும்."

இரண்டு பிரதி வாங்கினார்கள். ஒன்று பெரிய வீட்டுக் கண்ணாடி அலமாரியில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், பட்டுத்துணி சுற்றிய நிலையில் குடியேறியது. அதை யாரும் திறக்கவில்லை. மற்றொன்றை ரோசியிடம் கொடுத்தார்கள்.

அவள் வீட்டுக்கு வந்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு, மூன்றாம் பக்கத்தைப் படித்தாள். படித்தவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். அது பிள்ளைகளுக்கான புத்தகமே இல்லை. விவாகம் செய்தவர்களும் நிலம் வைத்திருப்பவர்களும் வியாபாரிகளும் கச்சேரி உத்தியோகஸ்தர்களும், சுவாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் தங்கள் ஆத்துமத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கான கேள்வி பதில். எந்தெந்த உத்தியோகத்தில் எந்தெந்தப் பாவம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. பொய்ப்பத்திரம் எழுதுவது, கைக்கூலி வாங்கிக்கொண்டு மனுவை அமுக்கி வைப்பது, வரப்பை வெட்டி ஒதுக்குவது, அடுத்தவன் முறைத் தண்ணீரைத் திருப்பிக்கொள்வது என்று ஒன்றையும் விடவில்லை. எழுதிய மனிதர் யாரோ, கிராமத்துப் பெரிய மனிதர்களை நன்றாக அறிந்தவர்.

ரோசிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. பதினோரு குழந்தைகளை ஒரு பந்தியிலிருந்து விரட்ட இவ்வளவு கனமான புத்தகம் தேவைப்பட்டிருக்கிறது. அதையும் உள்ளே பார்க்காமல் வாங்கியிருக்கிறார்கள். திரும்பிப் போய் அவர்களிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். சொன்னால் வேறொரு தடியான புத்தகம் வரும், அவ்வளவுதான். கேட்டு வாங்கினார்கள், அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பதினோரு பேரும் அந்தப் பந்தியில் உட்காராமல் போனால் தன் பெயர் ரோசி இல்லை என்று அடுப்பு முன்னாலேயே சொல்லிக்கொண்டாள்.

பத்துக் கட்டளைகளில் மோக பாவத்தைப் பற்றிய ஆறாம் கற்பனை வந்ததும் ஊசி நூலை எடுத்து அந்தப் பக்கங்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தாள். குழந்தைகள் காதில் விழக்கூடாத சங்கதிகள் அவை. ஒரு எழுத்து விடாமல் என்ற உத்தரவை அந்த ஒரு இடத்தில் மட்டும் மீறினாள்.

கோயில் பின்புறம் தேர்க்கொட்டகையில், சப்பரத்தின் நிழலில் பாடம் நடந்தது. பவுல்ராஜ் மட்டும் வீட்டு ஆள் தூக்கிவந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அவளை அவன் "ரோசி" என்றுதான் கூப்பிட்டான். அவன் வயதுக்கு அவனுக்கு வீட்டில் கற்றுக்கொடுத்த ஞானோபதேசம் அது.

கீழண்டைத் தெருப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, காது இருந்தது. ரோசி ஒரு வரி சொன்னால் இரண்டாம் தரம் கேட்க மாட்டார்கள். அதில் சின்னபொண்ணு என்று ஒன்பது வயதுப் பெண் இருந்தாள். ஆடு மேய்த்துவிட்டு வந்து, மூச்சு விடாமல் ஒரு பக்கத்தை ஒப்பித்துவிட்டு மறுபடி ஆட்டைத் தேடிப் போவாள். பவுல்ராஜுக்கு இது பொறுக்கவில்லை. மூன்றாவது வாரம் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். உயரத்தில் உட்கார்ந்தால் அவள் உதடு அசைவது தெரியவில்லையாம். நாலாம் வாரத்திலிருந்து நாற்காலி வரவில்லை.

வெறும் ஒப்பிப்பு போதாது, அர்த்தமும் தெரிய வேண்டும் என்று ரோசி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னாள். களவைப் பற்றிய ஏழாம் கற்பனையில், நெல் அளக்கும் மரக்காலைச் சொல்லும் வரி வந்தபோது ஒரு பிள்ளை கேட்டது:

"மரக்கா வெச்சிருந்தா பாவமாக்கா?"

"மரக்கா பாவம் இல்லடா. நெல்ல வாங்க ஒரு மரக்கா, கூலியா குடுக்க வேற மரக்கான்னு ரெண்டு வெச்சிக்கினா, அதான் களவு."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழண்டைத் தெருவில் இது தெரியாத வீடு இல்லை. பெரிய வீட்டுக் களத்தில் மரக்காலால் அளந்த கூலியை வாங்கி வந்து வீட்டில் படியால் அளந்தால், எப்போதும் ஒரு படி குறையும். ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. திறந்தால் அடுத்த நாள் வேலை இல்லை.

"நல்லாக் கேட்டுக்குங்க," என்றாள் ரோசி. "பரீச்சைல சாமி அர்த்தம் கேட்டா, ஊர்ல யார் பேரையும் இழுக்கக் கூடாது. அடுத்தவங்க குத்தத்த நாம சொல்றது எட்டாம் கற்பனைக்கு விரோதம். புரிஞ்சுதா?"

புரிந்தது என்று பதினைந்து தலைகளும் ஆடின.

சூசைநாதன் இரண்டு முறை கொட்டகை வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார். பிள்ளைகள் ஏதோ கடகடவென்று ஒப்பிக்கிறார்கள் என்று தெரிந்தது, என்ன ஒப்பிக்கிறார்கள் என்று அவர் காது கொடுக்கவில்லை. தெருவில் அதைக் கேட்ட மரியதாசுக்கும் சத்தம்தான் எட்டியது, வார்த்தை எட்டவில்லை. "கத்துதுங்க பெரியவரே, ஆனா ஒரு மண்ணும் வெளங்கல. பரீச்சைல அர்த்தம் கேட்டா பேய்முழி முழிக்கும்," என்று பெரிய வீட்டில் போய்ச் சொன்னார். மரியதாஸ் அவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார்.

திருநாளுக்கு முதல் நாள் காலை கோயிலில் பரீட்சை. காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த வெள்ளைக்கார சுவாமியார் பீடத்தோரம் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்பதற்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு தமிழ்ச் சுவாமியார் வந்திருந்தார். கிராதிக்கு இரண்டு பக்கமும் சனம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் மூன்று பெரிய மனிதர்களும் சரிகை அங்கவஸ்திரத்தில் இருந்தார்கள். பிள்ளைகளின் பின்னால், சுவரோடு ஒட்டி, ரோசி நின்றாள். அவளுடைய நாலு மாதத்து உழைப்பு இந்த ஒரு மணி நேரத்தில் இருந்தது.

புதுச்சேரிச் சுவாமியார் புத்தகத்தைக் கையில் வாங்கி நாலைந்து தாள் புரட்டினார். தைத்திருந்த பக்கங்களில் விரலை ஓட்டிப் பார்த்தார். தலையை உயர்த்தினார்.

"குழந்தைகளுக்கென்று இந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?"

மரியதாஸ் எழுந்தார். "நாங்கதான் சாமி. இருக்கறதுலயே ஒசத்தியா பார்த்து எடுத்தோம்." பிலவேந்திரனும் எழுந்து குனிந்து வணங்கினார். பாராட்டு வரும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அவர் கச்சேரியில் கற்றது.

"முழுதும் படித்துப் பார்த்தீர்களா?"

"ஒரு எழுத்து வுடாம சாமி."

சுவாமியார் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். பொதுவான கேள்விகளை எல்லாரிடமும் கேட்டார். எல்லாரும் சொன்னார்கள். மரியதாசின் புருவம் நெரிந்தது. சூசைநாதன் முன்னால் வந்து, "சாமி, பொஸ்தகத்துலருந்து கேளுங்க. அந்தப் பக்கத்துப் புள்ளைங்களக் கேளுங்க," என்று கீழண்டை வரிசையைக் காட்டினார்.

சுவாமியார் சின்னபொண்ணை எழுப்பினார். "ஏழாம் கற்பனைக்கு விரோதமாகப் பாவம் செய்கிறவர்கள் யார்?"

அவள் கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினாள். "பிறர் வயல் வரப்பை வெட்டித் தன் வயலோடு சேர்க்கிறவர்களும், பிறர் முறைத் தண்ணீரைத் திருப்புகிறவர்களும், பொய்ப்பத்திரம் எழுதுகிறவர்களும், கைக்கூலி வாங்கி ஏழைகளின் மனுவை மறைக்கிற உத்தியோகஸ்தர்களும், வாங்க ஒரு மரக்காலும் கொடுக்க ஒரு மரக்காலும் வைத்திருக்கிறவர்களும் களவு செய்கிறார்கள்."

பிலவேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். முந்நூறு பக்கத்தில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

"கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்கிறாயா, அர்த்தம் தெரியுமா?" என்றார் சுவாமியார். "மரக்கால் பாவம் என்றால் என்ன?"

சின்னபொண்ணு வாயைத் திறந்தாள். ரோசி சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் முன்வரிசையில் அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

மரியதாஸ் மூச்சு விட்டார். "பார்த்தீங்களா சாமி? அர்த்தம் தெரியல. இவங்களுக்கு அடுத்த வருசம் பார்த்துக்கலாம்."

எல்லாம் போச்சு என்று ரோசி நினைத்தாள். தானே எச்சரித்து, தானே கெடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் சாமி!"

பவுல்ராஜ் கேட்காமலே எழுந்துவிட்டான். நாலு மாதமாகச் சின்னபொண்ணு ஜெயித்த இடங்களிலெல்லாம் தோற்ற பிள்ளை. கடைசியில் அவள் தடுமாறிய ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. விடுவானா?

"எங்க வூட்டுல ரெண்டு மரக்கா கீது சாமி. வெளிய பார்த்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணுல அடியில உள்ள ஒரு பலக வெச்சி அடிச்சிருக்கும். அதுல நெல்லு கம்மியாப் புடிக்கும். அது கூலி குடுக்க. பலக இல்லாதது குத்தக நெல்லு வாங்க. அதான் அர்த்தம். எடுத்துனு வரட்டா சாமி?"

"டேய்!" என்றார் மரியதாஸ்.

பவுல்ராஜ் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தான். எங்கே தப்பு என்று அவனுக்குப் புரியவில்லை. "ஊர்ல யார் பேரையும் சொல்லக் கூடாதுன்னு ரோசியக்கா சொன்னாங்க தாத்தா. அதான் நம்ம வூட்டையே சொன்னேன்."

கிராதிக்குக் கீழ்ப்புறத்தில் யாரோ ஒரு பெண் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். வெள்ளைக்கார சுவாமியார் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டார்; தோள் குலுங்கியது. அதைக் காய்ச்சல் என்றே ஊரார் எடுத்துக்கொண்டார்கள்.

புதுச்சேரிச் சுவாமியார் மட்டும் சிரிக்கவில்லை. சின்னபொண்ணு பக்கம் திரும்பினார். "அப்படிச் செய்தவர் மன்னிப்புப் பெற என்ன செய்ய வேண்டும்?"

இதற்கு யார் பேரையும் சொல்ல வேண்டியதில்லை. அவள் தெம்பாகச் சொன்னாள்: "எடுத்ததை உடையவனுக்குத் திருப்பிக் கொடுக்கவும், இனி அதைச் செய்யாதிருக்கவும் வேண்டும். அல்லாவிடில் பாவசங்கீர்த்தனம் செய்தாலும் பயனில்லை."

"பதினைந்து பேரும் தேறினார்கள்," என்றார் சுவாமியார். புத்தகத்தை மூடி மரியதாசின் கையில் கொடுத்தார். "நல்ல புத்தகம்தான் எடுத்திருக்கிறீர்கள். வீட்டில் நீங்களும் படியுங்கள்."

மறுநாள் பூசை முடிந்ததும் தாழ்வாரத்தில் பதினைந்து இலை ஒரே வரிசையில் விழுந்தது. பவுல்ராஜுக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தான். பவுல்ராஜ் நாலாவது இட்லியில் இருந்தான். சின்னபொண்ணு ஐந்தாவதில் இருந்தாள். தோற்று எழுந்து போகும் உத்தேசம் அவனுக்கு இல்லை. பரிமாறிக்கொண்டிருந்த ரோசி, "ஒடம்பு எப்படி கீதுன்னு நீயே பாருப்பா," என்று அந்த ஆளிடம் காட்டினாள். அவன் பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரமே மூன்று பெரிய மனிதர்களும் மறுபடி கூடினார்கள். வேறு புத்தகம் வேண்டும் என்று முடிவாயிற்று. இந்தத் தடவை மெல்லியதாக, படம் நிறைய இருப்பதாக, எழுத்து எவ்வளவு குறையுமோ அவ்வளவு நல்லதாக. பிலவேந்திரன் அனுமதிப் பக்கத்தைக்கூடப் படிக்கப் பயந்தார். ஆடி மாதத்தில் அப்பளம் என்று தள்ளிய அதே புத்தகத்தை ரோசியின் கையில் கொடுத்து, "புள்ளைங்களுக்கு இதான் ஏத்தது," என்று அவளுக்கே கற்பித்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் பிள்ளைகள் தலைக்குள் ஏறியதை யார் திரும்ப வாங்குவது?

தை மாதம் சம்பா அறுப்பு. பெரிய வீட்டுக் களத்தில் நெல் குவிந்திருந்தது. ரோசியும் அறுக்கப் போயிருந்தாள். சாயங்காலம் பெண்கள் கூடையோடு கூலிக்கு வரிசையில் நின்றார்கள். காரியக்காரன் மரக்காலைத் தூக்கினான். களத்தோரம் நெல்தாள் பொறுக்கிக்கொண்டிருந்த பதினோரு பிள்ளைகளும் நிமிர்ந்தார்கள். சின்னபொண்ணு தொடங்கிவைத்தாள்.

"வாங்க ஒரு மரக்காலும் கொடுக்க ஒரு மரக்காலும் வைத்திருக்கிறவர்களும்..."

பதினோரு குரலும் ஒன்றாக எழுந்தது. வைக்கோல்போர் பின்னாலிருந்து பன்னிரண்டாவதாக ஒரு குரல் சேர்ந்துகொண்டது. மற்ற எல்லாக் குரலையும்விட அதுதான் ஓங்கிக் கேட்டது. மரியதாஸ் தம் பேரனின் குரலை அறிந்தார்.

"ரோசி! வாய மூடச் சொல்லு அதுங்கள!" என்று கத்தினார்.

ரோசி கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "எப்படிங்கய்யா சொல்றது? வயல்ல, களத்துல, எங்க போனாலும் உங்க காதுல வுழணும்னு நீங்கதான சொன்னீங்க?"

பிள்ளைகள் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். காரியக்காரன் மரக்காலைப் பிடித்தபடி எசமானைப் பார்த்தான். எசமான் எதையும் பார்க்கவில்லை.

"உள்ள போயி அந்த இன்னொண்ண எடுத்துனு வாடா," என்றார் கடைசியில்.

அன்று கீழண்டைத் தெருவில் வீட்டுக்கு வீடு படியை எடுத்து அளந்து பார்த்தார்கள். ஒரு வீட்டிலும் குறையவில்லை.